இருநூற்றுப் பன்னிரண்டு வளையங்கள்

தொண்ணூறு நாளுக்கொரு முறை
ஆறு பெட்டிகளையும் திறக்க வேண்டும்.
மஞ்சள் காகிதம் பிரித்து,
பழைய எண்ணெய் துடைத்து,
புது எண்ணெய் பூசி,
மறுபடி மைக்ரோமீட்டரின் வாயில் வைத்து
எழுத வேண்டும்: மாற்றமில்லை.
இன்றோடு ஒன்பதாவது முறை.

ஓசூர் சிப்காட்டில், தகர ஷெட்டுக்குள்,
இருநூற்றுப் பன்னிரண்டு வளையங்கள்.
விமானம் தரையைத் தொடும் நொடியில்
சக்கரத் தண்டைப் பிடித்துக்கொள்வது இதன் வேலையாம்.
பறக்க அல்ல, இறங்க.
அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.
எதைப் போட்டுவிட்டு இறங்கும் என்று
வரைபடத்தில் இல்லை.

எஃகு வந்தது ஒரு நாட்டிலிருந்து.
வளையம் போக வேண்டியது இன்னொன்றுக்கு.
இரண்டும் நட்பு நாடுகள்.
உன்மேல் அடி விழுந்தால் நான் எழுவேன் என்று
என் அம்மா பிறக்கும் முன்பே கையெழுத்துப் போட்டவை.
நடுவில் ஒருவர் எதையோ யாரிடமோ வாங்கிவிட்டார்.
மற்றவர் சொல்லிவிட்டார்:
என் எஃகு இனி உன் வாசல் ஏறாது.
எதிரிக்குக்கூட இத்தனை பக்கம் எழுத மாட்டார்கள்.
பங்காளிச் சண்டைக்குத்தான் பத்திரம் நீளம்.

நமக்கென்ன சம்பந்தம் என்று கேட்டார் குருராஜ் சார்
பெங்களூரு வக்கீலிடம், பாதி கன்னடம், பாதி தெலுங்கு.
கம்பியில் அவர்கள் பெயர் பொறித்திருந்ததே என்றார் வக்கீல்.
அதைக் கடைந்து, துளைத்து, தேய்த்து,
பெயரைத் துகளாக்கித் தொட்டியில் அள்ளினோமே என்றார் இவர்.
பெயர் போகும், தடை போகாது.
இந்த ஒரு வரிக்கு
பீஸ் இருபத்தைந்தாயிரம்.

அந்த வாரமே இரவு ஷிப்ட் நின்றது.
நாலு மெஷினில் இரண்டு உறை போர்த்தித் தூங்குகின்றன.
மாதேவன் இப்போது பாகலூர் ரோட்டில் பார்சல் போடுகிறான்.
செய்தி வந்தால் முதலில் அனுப்புகிறவனும் அவன்தான்.
தடை நீங்க வாய்ப்பு.
பேச்சு ஆக்கபூர்வம்.
விரைவில் நல்ல முடிவு.
படத்தில் இரு தலைவர்கள் கை குலுக்குகிறார்கள்.
விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன்,
பிடியா, தளர்வா என்று.
ஐந்து மைக்ரான் பிசகைப் பிடிக்கிற கண்ணுக்கு
அது மட்டும் தெரிவதில்லை.

சின்ன மாமா திம்மராயன் தளியிலிருந்து ரோஜா ஏற்றுகிறார்.
பிப்ரவரியில் அதே நாட்டுக்கு
அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகச் சிவப்பு.
பூச்சி இல்லை என்று ஒரு சான்று, அவ்வளவுதான்.
ஏழு நாளில் உதிர்வது கடல் தாண்டுகிறது.
நாற்பது வருஷம் நிற்பது ரேக்கில் கிடக்கிறது.
ஒரு கட்டுக்குள் ஒரு வளையம் சொருகி அனுப்பட்டுமா
என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
ஒரு கணம் எடை கணக்குப் போட்டேன்.

ஜூஜூவாடியில் வரிச் சாவடியை எடுத்து வருஷங்களாயிற்று.
கட்டையும் இல்லை, சீட்டும் இல்லை, மறிக்கிற கையும் இல்லை.
ஆனாலும் அந்த இடம் வந்தால்
மாமாவின் கால் பிரேக்குக்குப் போகிறது.
ஏன் என்றால், தெரியலையே என்கிறார்.

நாளைக்கே நீங்கலாம் தடை.
மாதா மாதம் பொறுத்திருங்கள் என்று எழுதிய அந்த அதிகாரி
இதற்குள் வேறு ஊரில் கடையச் சொல்லியிருக்கலாம்.
அடுத்த ஆர்டர் வந்தால்
எந்த நாட்டுக் கம்பி என்று குருராஜ் சார்
மூன்று முறை கேட்பார்.
பிரேக்கில் ஒரு கால்.

கடைசிப் பெட்டியை மூடும்போது போன் அதிர்கிறது.
நாகவேணி அக்கா, இந்தத் தடவை நிஜமாம்.
எண்ணெய்க் கையை ஏற்கவில்லை திரை.
மூடியில் அடுத்த தேதியைச் சாக்பீஸால் எழுதுகிறேன்.
பெட்டிக்கு ஆறு ஆணி.
இன்று
நாலோடு நிறுத்திக்கொண்டேன்.